முதுகுக்குப் பின்னால் ஒரு கோல்

டிக்கெட் விற்கிறவளுக்கு ஆட்டம் கிடையாது, ஆட்டத்தின் சத்தம் மட்டும்தான். எங்கள் மைதானத்தில் கவுன்டர் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. என் முதுகுக்குப் பின்னால் தகர ஷீட், தகரத்துக்குப் பின்னால் சவுக்குக் கம்பு கேலரி, அதற்கும் பின்னால் இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்காக உயிரை விட்டுக்கொண்டிருப்பார்கள். நான் ரெட்டிபாளையம் பக்கம் போகும் சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தாங்கள் வைக்காத விலைக்குத் திட்டு வாங்குகிற அத்தனை பேருக்கும் இதை எழுதுகிறேன். கண்டக்டர்கள், பெட்ரோல் பங்க்கில் பைப் பிடிக்கிறவர்கள், மருந்துக் கடையில் பில் போடுகிற பெண்கள், எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். எனக்கும் இடம் வேண்டும்.

ஒரே ஒரு நாள்

பெரம்பலூரில் பிறந்து, கான்வென்ட்டில் படித்து, அரியலூரில் வாக்கப்பட்டவள் நான். வருஷா வருஷம் கோடையில் நடக்கும் ஃபுட்பால் போட்டிக்கு என் வீட்டுக்காரர்தான் கமிட்டிச் செயலாளர். நாலு வருஷத்துக்கு முன் கவுன்டரில் உட்கார வேண்டியவருக்கு அம்மை போட்டுவிட்டது. "உனக்குத்தான் கணக்கு நல்லா வருமே, இன்னிக்கு ஒரே ஒரு நாள் உக்காரு" என்றார் இவர். அந்த ஒரே ஒரு நாள் இன்னும் முடியவில்லை.

அப்போது தரை டிக்கெட் இருபது ரூபாய், கேலரி முப்பது, சேர் ஐம்பது. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்கு வரிசையில் நிற்கக் கற்றுக் கொடுத்தார்கள். இங்கே கவுன்டர் ஓட்டைக்குள் ஒரே நேரத்தில் ஏழு கைகள் வரும். முதல் நாளே மர ஸ்கேலால் தட்டினேன். ஒரு கை மட்டும் விலகவில்லை. முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்த கை. குனிந்து பார்த்தேன். நாற்பத்தைந்து வயசு இருக்கும். பெயர் கமலம். ஜெயங்கொண்டம் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை, சொந்த ஊர் தா.பழூர். இரண்டு பஸ் மாறித் தனியாக வந்திருந்தாள். பையன் விளையாடுகிறானா என்று கேட்டேன். பையனே இல்லையாம்.

"எங்க ஊரு டீமு ஒரு நாளைக்கி ஃபைனலுக்கு வரும்க்கா. அன்னிக்கி நான் உள்ள இருக்கணும். அதுக்கு இப்பவே வந்து பழகிக்கிறேன்" என்றாள்.

ஆயிரம் வருஷத்துக் கட்டடம்

மறு வருஷம் எல்லாம் இரண்டு மடங்கு. வெளியூர் டீம்களுக்கு லாட்ஜ் ரூம், மூன்று வேளை சாப்பாடு, ஜெர்சி என்று கமிட்டி ஒரு பட்டியல் வைத்திருந்தது. அந்தப் பட்டியலை எனக்குக் கொடுத்து, யாராவது கேட்டால் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்துக் காட்டினேன். இரண்டாம் நாள் கிழித்துப் போட்டேன். பட்டியலைக் கேட்கிறவன் இன்னும் கோபமாகிறான்.

அதற்கும் அடுத்த வருஷம் கேலரி நூற்றிருபது ஆனது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு, அவசரமே இல்லாத மனுஷர். விலைப் பலகையை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள், நானும் கத்தினேன். அவர் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த சவுக்குக் கம்புகளைக் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்த்தார்.

"எங்க ஊருல ஆயிரம் வருசமா ஒரு கோயிலு நிக்கிது. உள்ள போக பைசா கேக்குறதில்ல. நீங்க முந்தாநாளு நாலு கம்ப நட்டுட்டு நூத்தியிருவது கேக்குறீங்களேம்மா" என்றார்.

லாரிக் கேலரி

விலை ஏற ஏற மைதானத்துக்கு வெளியே கூட்டம் கூடியது. வேப்ப மரத்தில் ஆள், தண்ணி டேங்க் ஏணியில் ஆள், எதிர் மாடியில் சொந்தக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு இருபது பேர். கமிட்டி சுற்றிலும் பச்சை வலை கட்டியது. சாயங்கால வெயில் அதில் வடிந்து ரோடு முழுக்கப் பச்சையாக விழும். கவுன்டரில் உட்கார்ந்து பார்த்தால், நாங்கள் எல்லோரும் ஒரு குளத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். இந்த ஊரே ஒரு காலத்தில் கடலாக இருந்ததாமே. மத்தியானம் யாராவது சொன்னால் சிரிப்பேன். ஐந்தரை மணிக்கு, தகரத்துக்குப் பின்னால் ஆரவாரம் எழுந்து விழும்போது, இருந்திருக்கும் என்று தோன்றும்.

அந்த மயக்கத்தில் இருந்தபோதுதான் இவர் ஓடி வந்தார். வலைக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் லாரி நிற்கிறது, அதன் மேல் முப்பது பேர் உட்கார்ந்து வலைக்கு மேலே ஆட்டம் பார்க்கிறார்கள், டிரைவர் ஆளுக்குக் காசு வாங்குகிறான், போய்க் கேள் என்றார். ஏன் நீங்கள் போகக்கூடாது என்றேன். "நீதான் நல்லா திட்டுவ" என்றார். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில், கணக்குக்கு அப்புறம் இவர் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டு அது. போனேன்.

டிரைவர் ஸ்டியரிங்கில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். ஊர்ப் போட்டியை இப்படிக் கெடுக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று ஆரம்பித்து, தமிழில் தீர்ந்து, இங்கிலீஷிலும் கொஞ்சம் பேசினேன். பொறுமையாகக் கேட்டான். லாரி மேலிருந்து ஒரு கை ஆடியது. கமலம், சுண்ணாம்புக்கல் மேல் கோணிப்பையை விரித்து, மகாராணி மாதிரி.

டிரைவர் கிளாசைக் கீழே வைத்தான். "ரெண்டு வருசமா நம்மகிட்ட அதே இருவதுதாங்க்கா. எல்லாமே ஏறுது, நான் ஏத்தல. நீங்களும் ஏறிக்கிறீங்களா?"

வெள்ளை உறை

சேர் டிக்கெட்காரர்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு வரிசை உண்டு. பிளாஸ்டிக் சேர்தான், ஆனால் வெள்ளைத் துணி உறை போட்டு, பின்னால் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். முக்கியப்பட்டவர்களுக்கு. அவர்களுக்கு டிக்கெட் கிடையாது, பாஸ். நாலு வருஷமாக நான் பார்க்கிறேன், ஆட்டம் ஆரம்பிக்கும் முன் எட்டிப் பார்த்தாலும் சரி, கூட்டம் கலைந்த பிறகு பார்த்தாலும் சரி, அந்த உறைகளில் ஒரு மடிப்புகூடக் கலைந்திருக்காது. காற்று அடித்தால் ரிப்பன் மட்டும் மெதுவாக ஆடும். யாரோ கண்ணுக்குத் தெரியாதவர்கள் உட்கார்ந்து ரசிக்கிற மாதிரி.

இந்த வருஷம் தா.பழூர் டீம் அரை இறுதியில் ஜெயித்தது. கூட்டம் வரும் என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கே கமிட்டி கூடி, ஃபைனலுக்குத் தரை டிக்கெட்டே நூற்றைம்பது என்று தீர்மானம் போட்டது. கமலம் ஒரு நாளில் உடைக்கிற கொட்டையில் எவ்வளவு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். லாரியும் இனி வராது, அங்கே கல் நட்டுவிட்டார்கள். இவரிடம் வீட்டில் கேட்டேன். காலியாகக் கிடக்கும் நாற்பது சேரை விற்றால், தரையில் உட்காருகிறவன் தலையில் கை வைக்க வேண்டாமே?

இவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "அது காலி இல்லம்மா. அவங்க வராம இருக்காங்க, அவ்வளவுதான்."

அரை நாள் கூலி

ஃபைனல் அன்று மூன்று மணிக்கே கமலம் வந்துவிட்டாள். தலையில் கனகாம்பரம், அயர்ன் செய்த புடவை. கையில் நூறு ரூபாய்த் தாள் ஒன்று. பலகையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாள். ஏழு கைகளுக்கு நடுவில் ஸ்கேல் அடி வாங்கியும் விலகாத பெண், இப்போது யாருக்கோ வழி விட்டுக்கொண்டு நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

செயலாளர் குடும்பத்துக்கு என்று எனக்கு ஒரு பாஸ் உண்டு. கூப்பிட்டு நீட்டினேன்.

"வேணாம்க்கா."

"ஏன், வெள்ளை உறை போட்ட சேர்ல உக்கார மாட்டியா?"

"ஓசியில போயி உக்காந்துட்டு ரெஃப்ரிய எப்புடிக்கா திட்டுறது? காசு குடுத்தாதான வாய் வரும்?"

எனக்குப் பொறுமை கிடையாது. "பஸ்ஸுல மட்டும் ஓசியில வர்ற?"

"ஆமா. அதனாலதான் கண்டக்டரு என்ன பேசுனாலும் வாய மூடிக்கிட்டு வர்றேன். இங்கயும் அப்புடியே உக்காரச் சொல்றீங்களா? எங்க ஊரு ஃபைனல்க்கா இது."

பாஸை உள்ளே இழுக்கும்போது கை பட்டு டிக்கெட் கட்டு ஓட்டை வழியாக வெளியே விழுந்தது. அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தபடியே, ஏதோ வேலையிடத்தில் மேஸ்திரியிடம் கேட்கிற குரலில் கேட்டாள்:

"முந்திரிக் கொட்டகையில அரை நாளு வேலைக்கி அரை நாளு கூலி தர்றாங்க. அரை ஆட்டத்துக்கு மட்டும் ஏங்க்கா முழுக் காசு?"

பாதி ஆட்டம்

ஸ்கேலை வைத்துத் தரை டிக்கெட்டை நடுவில் கிழித்தேன். பின்பக்கம் 'ஆஃப் டைமுக்கு அப்புறம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுபத்தைந்து ரூபாய். மீதி இருபத்தைந்தை முந்தானையில் முடிந்துகொண்டு, இடைவேளை வரை கவுன்டருக்குள் என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

நாலு வருஷத்தில் நான் காதால் ஆட்டம் பார்க்கப் பழகிவிட்டேன். அன்று முதல் தடவையாகக் கூட ஒரு ஆள். அந்த 'தொப்' கோல்கீப்பர் உதைத்தது. இந்த அமைதி, பந்து இன்னும் மேலே இருக்கிறது. சவுக்குக் கம்பு முனகினால் கேலரி எழுந்திருக்கிறது, யாரோ தனியாகப் பந்தோடு ஓடுகிறான். கமலம் கண்ணை மூடிக்கொண்டாள். நானும். பச்சை வெளிச்சம் இமைக்குள்ளேயும் வந்தது. அதற்குள் ஒரு மைதானம் விரிந்தது. புழுதி பொன் நிறத்தில் நின்றது. ஆடுகிறவர்கள் யாருக்கும் முகம் இல்லை, கால் தரையில் படவும் இல்லை. பந்து அவர்களுக்கு நடுவில் அவசரமில்லாமல் மிதந்து போனது. லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்ததுகூட வேறு ஊரில் கேட்ட மாதிரி இருந்தது.

திடீரென்று தகரமே அதிர்ந்தது. கோல்.

யாருடையது என்று தெரியவில்லை. கேட்டில் டிக்கெட் கிழிக்கிறவரிடம் கேட்க வாயெடுத்தேன். கமலம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்கக்கா. கேக்காத வரைக்கும் அது நம்ம கோலுதான்."

விசில் அடித்ததும் எழுந்து, புடவையைத் தட்டி, தலையை நிமிர்த்தி, பாதி டிக்கெட்டை நீட்டிக்கொண்டு உள்ளே போனாள். அதைப் பார்த்த ஒருவர் வந்தார். அப்புறம் பத்துப் பேர். வேப்ப மரம் காலியானது, தண்ணி டேங்க் காலியானது. எல்லோரும் காசு நீட்டி, பாதி கேட்டார்கள். ஸ்கேல் உடைந்தே போனது.

இவர் ஓடி வந்தார். "யாரக் கேட்டு பாதி டிக்கெட் குடுத்த?"

"நீங்க யாரக் கேட்டு முழு டிக்கெட்ட ஏத்துனீங்க?"

காசை நீட்டிக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் உட்கார்ந்தேன். பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது. ஆனால் இரண்டாம் பாதியில் எனக்கு வேறு எந்தச் சத்தமும் வேண்டியிருக்கவில்லை. ஐந்நூறு குரலுக்கு மேலே ஒரே ஒரு குரல், தகரத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. ரெஃப்ரியின் கண்ணை, கண்ணாடியை, அவர் சாப்பிட்ட சோற்றை, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் திட்டியது. எழுபத்தைந்து ரூபாயில் ஒரு பைசாவை அவள் மிச்சம் வைக்கவில்லை. இன்னொரு கோல் விழவே இல்லை. சூரியன் இறங்க இறங்க ரோட்டில் பச்சை மங்கி நீலமானது. அந்தக் குரல் மட்டும் தேயாமல் இருந்தது.

கடைசி விசில் ஊதியது. கூட்டம் வெளியே வந்தது. தா.பழூர் தோற்றுவிட்டது, ஒன்றுக்கு சைபர். எங்கள் கண்ணுக்குள் விழுந்த அந்தக் கோல், எதிர் டீம் போட்டது.

கமலம் கடைசியாக வந்தாள். கனகாம்பரம் தோளில் தொங்கியது. தொண்டை சுத்தமாகப் போயிருந்தது. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, வராது. "தோத்துட்டாங்களே கமலம், இதுக்கா இந்தக் கத்து கத்துன?" என்றேன்.

அவள் கவுன்டர் ஓட்டையில் இரண்டு கையையும் ஊன்றி, காற்று மாதிரி வந்த குரலில், சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"நான் உள்ள இருந்த வரைக்கும் நம்ம பசங்க ஒரு கோலு வாங்கலியேக்கா."

பாதி டிக்கெட் வசூலைப் பார்த்து மனம் குளிர்ந்த கமிட்டி, வருகிற வருஷம் பாதி ஆட்டத்துக்கே நூற்றைம்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது, அந்த விலையைச் சொல்லித் திட்டு வாங்க என்னையும் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது.