பெல்ஹோவின் பெயர்

பக்கத்து வயல்காரன் விசாரைக் காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்டுக் கொன்றுவிட்டதாகத்தான் பெல்ஹோ சொன்னான். பட்டப்பகலில், கால்வாய் மடையருகே, வெள்ளைச் சால்வை போர்த்தி நின்ற பன்றி! முந்தின வாரம்தான் அதே மடைத் தண்ணீருக்காக இருவரும் கட்டிப் புரண்டு சண்டை போட்டிருந்தார்கள். பார்த்த சாட்சி இல்லையென்று நீதிமன்றம் அவனை விட்டுவிட்டது.

விசாரின் மனைவி நெய்சானுவோ கோஹிமா சாலையோரம் புகையில் காயவைத்த பன்றிக்கறி விற்பவள். கொழுந்தன் கெதுவோலோ அங்கே வந்து நின்றான்.

"அண்ணி, அண்ணனோட துப்பாக்கியக் குடுங்க."

"மாட்டேன்."

"நம்ம தாத்தனுங்க இருந்திருந்தா இந்நேரம் அவன் தலை ஊர் வாசல்ல தொங்கும்."

"தாத்தனுங்க ஞானஸ்நானம் எடுக்கல. நீ எடுத்திருக்க."

"அதுக்காகக் கையக் கட்டிக்கிட்டு உக்காரணுமா? உங்களுக்கு ரத்தமே இல்லியா?"

"அவன ஆண்டவர் கையில குடுத்திருக்கேன். நடுவுல வந்து பிடுங்காத."

கெதுவோலோ காறித் துப்பிவிட்டுப் போனான்.

அவள் மன்னித்துவிட்டாள் என்று யாரும் எண்ண வேண்டாம். புதன்கிழமைதோறும் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோர் காதிலும் விழும்படி ஜெபித்தாள். "கர்த்தரே, பெல்ஹோ. அவன் வலது கை வாடிப்போகட்டும். அவன் வயல்ல பதரா விளையட்டும்." ஆமென் சொல்ல மற்றவர்களுக்கு வாய் வரவில்லை. இரண்டு வரிசை தள்ளி பெல்ஹோவின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

சபை மூப்பரான டீக்கன் திசேலி அவள் கடைக்கே வந்துவிட்டார். "அவன் தூக்கமில்லாம கெடக்கானாம். பேரச் சொல்லாதம்மா. மன்னிக்கத்தானே வேதம் சொல்லுது?"

"பழிவாங்குறது என் வேலைன்னு ஆண்டவர் சொன்னதையும் படிங்க. அவர் வேலைய அவருக்கு ஞாபகப்படுத்துறேன். கெதுவோலோகிட்ட போய்ப் பேச தைரியமில்ல, என்கிட்ட வந்துட்டீங்க!"

டீக்கனுக்கு முகம் சுருங்கியது. கறி வாங்காமல் போனார்.

நடவு தொடங்கிய ஒரு காலை, நாற்றுக் கூடையைச் சுமந்து படிவயலில் ஏறிக்கொண்டிருந்தவள், மரத்தின் பின்னால் குத்துக்காலிட்டிருந்த கெதுவோலோவைக் கண்டாள். கையில் யாரிடமோ இரவல் வாங்கிய துப்பாக்கி. கீழே மடையில் குனிந்திருந்தான் பெல்ஹோ. கூடையைப் போட்டுவிட்டுக் கால்வாய்க்குள் இறங்கி, இருவருக்கும் நடுவே நின்றாள்.

"தள்ளுங்க அண்ணி!"

"சுடு. பன்னின்னு நெனச்சேன்னு சொல்லிடு. கேட்டுப்பாங்க."

குழல் அவள் நெஞ்சுக்கு நேராக நின்றது. அவள் நகரவில்லை. கடைசியில் அவன் அசிங்கமாகத் திட்டிக்கொண்டே மேட்டில் ஏறிப் போனான்.

திரும்பினாள். பெல்ஹோவின் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. வாடிப்போக வேண்டும் என்று வாரம் தவறாமல் அவள் கேட்ட கை. பார்க்கச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், இல்லை.

"உன்ன யாரு கூப்டா?" என்றான் அவன். நன்றி சொல்லும் வாயில்லை.

"உனக்காக வரல. உனக்கு என்ன நடக்கணும்னு அவன் முடிவு பண்ணக் கூடாது."

"அப்ப நீ பண்ணுவியா?"

"நானும் இல்ல." சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. "மடைய மூடு. இன்னைக்கு எங்க முறை."

மூடினான்.

அந்தப் புதன்கிழமை எழுந்து, "கர்த்தரே, பெல்ஹோ," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மீதியை எதிர்பார்த்துப் பெண்கள் தலைகுனிந்தபடியே இருந்தார்கள். வாசலில் பெல்ஹோவின் மனைவி அவள் கையைப் பிடித்தாள். "இன்னைக்கு என்னதான் கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல. அவர் பாத்துப்பார்."

சாபத்தைவிட இது பெல்ஹோவை அதிகம் பயமுறுத்தியது. ஞாயிறு ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டான். கெதுவோலோ அண்ணி வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

"அப்போ மன்னிச்சுட்ட, இல்லியா?" என்று டீக்கன் ஆசையாகக் கேட்டார்.

"அதுக்கு இன்னும் நான் வரல," என்று சொல்லிவிட்டு, நெய்சானுவோ அடுத்த ஆளுக்குக் கறி வெட்டத் தொடங்கினாள்.