நீலத் திரைக்காகக் காத்திருந்த ஞாயிறு

முதல் தடவை திரை நீலமானபோது நான் உள்ளாட்சி அமைப்புகள் பற்றிய பாடத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். கண் புத்தகத்தில் இருந்ததால் உடனே தெரியவில்லை. படித்து முடித்து நிமிர்ந்தால், என் குரல் பதிவாகும் பச்சைக் கோடு ஓடவேண்டிய இடத்தில் ஒரே நீலம். மேலே சோர்ந்த முகம் ஒன்று. கணினியில் ஏதோ சிக்கல், மறுபடி தொடங்கப் போகிறது என்று அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படித்தது அத்தனையும் போயிற்று. கணினி வாங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

கம்பைநல்லூரில் டீச்சராக இருந்து வேலையை விட்ட பிறகு, ஏரியூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்திக்காகப் பாடங்களைப் படித்துப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. பட்டம் முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் போனே படித்துக் காட்டுகிறதே என்று ஆரம்பத்தில் கேட்டேன். "அது எல்லாத்தையும் ஒரே மாதிரி படிக்குதுங்க்கா. எனக்குத் தூக்கம் வந்துருது" என்றாள். பழைய லேப்டாப் படுத்துவிட்டதால்தான், தருமபுரியில் ஒரு கடையில் சொல்லி இந்த டெஸ்க்டாப்பை அசெம்பிள் பண்ணி வாங்கினோம்.

மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட அறைதான் எங்கள் வீட்டில் சத்தமில்லாத இடம். பதிவு செய்யும்போது ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிடுவேன். மைக் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது அந்த நீலம்தான்.

ஒரு நாள் ஒரே பாடத்துக்குள் திரும்பத் திரும்ப வரும். இன்னொரு நாள் காலையில் சமர்த்தாக ஓடும். அன்று நான் எதை மாற்றியிருந்தேனோ அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவேன். மைக்கை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பிளக்கை வேறு சுவருக்கு மாற்றினேன். கிணற்று மோட்டாரால் கரண்ட் ஏறி இறங்குகிறது என்று என் கணவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். அப்போதும் நீலம். "நீ எதையோ மாத்தி அமுக்கறயாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

அந்த வார்த்தை என்னை உட்காரவிடவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே மாடிக்கு ஓடி, கணினி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். ஒவ்வொரு தடவையும் திரையில் வேறு வேறு வார்த்தைகள் வந்தன. அவற்றை போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, கோயிலில் பூசை நடக்கும்போதுகூட முந்தானைக்குள் மறைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். இணையத்தில் ஒருவர் ஹார்ட் டிஸ்க் என்றார், இன்னொருவர் வைரஸ் என்றார். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது.

கடைசியில் சி.பி.யூவைப் பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தருமபுரிக்குப் போனேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "கிரைண்டருங்களா?" என்றார். பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போதெல்லாம் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல அதை அணைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் நாற்பது வயது இருக்கும் ஒரு பாய். பொறுமைசாலி. கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறையில் அதை மாட்டி, பகல் முழுக்க ஓடவிட்டார். பாட்டு, படம், சோதனை என்று எதைப் போட்டாலும் அசையவில்லை. இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு போனபோதும் அதே கதைதான். "நம்ம கடையில நல்ல புள்ளையா இருக்குதுங்க டீச்சர். ஒங்க வூட்டுக்கு வந்தாத்தான் அடம் புடிக்குது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

இதற்கிடையில் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. "அடுத்த பாடம் எப்பங்க்கா வரும்?" என்று மட்டும் கேட்பாள். நான் பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒரு பத்தி படித்ததும் நிறுத்திச் சேமித்து, அடுத்த பத்திக்குப் போவேன். நீலம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மூச்சு விடாமல் படித்தேன்.

ஒரு மத்தியானம், வாக்கியத்தின் பாதியில் மறுபடி நின்றது. பாய்க்கு போன் போட்டுக் கத்திவிட்டேன். நான் பொய் சொல்லவில்லை, எனக்குக் கணினி தெரியாமலும் இல்லை என்றெல்லாம் பேசினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாயித்துக்கெழம கடை லீவுங்க. நான் வர்றன். அது விழுகற வரைக்கும் ஒங்க வூட்லயே ஒக்காந்திருக்கன்."

சொன்னபடி வந்தார். நாங்கள் கோயிலில் காலைப் பூசை முடிந்து திரும்பியபோது வாசலில் அவர் பைக் நின்றது. மாடியில் அவருக்கு நாற்காலி போட்டு, ஜன்னல்களைத் திறந்து, ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். கணினியை ஓடவிட்டு மூன்று பேரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். கெட்டது நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். அது விழவே இல்லை.

ஹலால் பார்ப்பாரே என்று அவருக்காகக் கோழியை விட்டுவிட்டு மீன் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டார். கீழே ஹாலில் ஜமுக்காளம் விரித்துக் கொடுத்தோம், தொழுதுவிட்டு மேலே வந்தார். கணினி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார். அவர் பார்த்திருந்தால் வெடித்திருப்பேன்.

அந்த நேரத்தில் ஏரியூர்ப் பெண்ணின் போன் வந்தது. "இன்னைக்குப் பாடம் இல்லீங்களாக்கா?"

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு, அவளுக்காவது படிப்போம் என்று தோன்றியது. பாயிடம் சொன்னேன். "படிங்க டீச்சர், நான் மூச்சுகூட விடமாட்டன்" என்றார். கணவர் வழக்கம்போல ஜன்னல்களைச் சாத்தி ஃபேனை நிறுத்தினார். நான் ஆறுகள் பற்றிய பாடத்தை எடுத்தேன். அறை கொதிக்க ஆரம்பித்தது. பாய் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தென்பெண்ணைக்கு வந்திருப்பேன்.

"வந்துருச்சு! வந்துருச்சுங்க!" என்று பாய் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

திரை நீலமாக இருந்தது. என் கணவர் கை தட்டினார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. கட்டிப்பிடிக்காத குறையாக மூன்று பேரும் அந்தச் சோர்ந்த முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். "நான் சொன்னேன் பாத்தீங்களா" என்று எத்தனை தடவை சொன்னேனோ.

ஃபேன் போட என் கை சுவிட்சுக்குப் போனது. அப்படியே நின்றுவிட்டேன். "பாய், உங்க கடையில ஏசி. காலைல இருந்து இங்க ஃபேன். நான் படிக்கறப்ப மட்டும்தான் இந்தச் சூடு."

அவர் சி.பி.யூவின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப ஃபேன் போடாதீங்க. சூட்டோட சூடா பாத்துருவோம்" என்று பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். உள்ளே, கணினியின் நினைவகமான ரேம் அரைச்சாண் நீளப் பட்டைகளாக இரண்டு இருந்தன. ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் படிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நீலம். மாட்டியிருந்ததை எடுத்துவிட்டு மற்றதை மாட்டினார். படித்தேன். தென்பெண்ணையைத் தாண்டி, காவிரியைத் தாண்டி, வைகையும் முடிந்தது. வியர்வை புத்தகத்தில் சொட்டியது. நிற்கவே இல்லை.

"இதாங்க திருடன்" என்று கழற்றிய பட்டையைத் தூக்கிக் காட்டினார். குளிர்ந்திருக்கும்வரை வேலை செய்யும், சூடேறினால் தப்பும் தவறுமாக உளறும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வார்த்தைகள். அதே வாரத்தில் புதிய ரேமைக் கொண்டுவந்து அவரே மாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நீலம் வரவில்லை. ஆனால் எனக்கு நம்பிக்கையும் வரவில்லை. பத்தி முடிந்ததும் நிறுத்துவதை விடமுடியவில்லை. கண் பாதி புத்தகத்திலும் பாதி திரையிலுமாகவே இருந்தது. ஒருநாள் அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க்கா. யாரோ தொரத்திட்டு வர்ற மாதிரியே படிக்கறீங்க."

"கம்ப்யூட்டர் சரியாயிருச்சும்மா."

"அது சரியாயிருச்சு. நீங்க?"

எந்தப் பாடத்திலிருந்து திரும்பப் படிக்கட்டும் என்று கேட்டேன். ஆறுகளிலிருந்தே படியுங்கள் என்றாள். மறுநாள் அதை ஒரே மூச்சாக இல்லாமல், நிறுத்தி நிதானமாகப் படித்து அனுப்பினேன். தேர்வுக்குள் பாதிப் பாடங்களைத்தான் அப்படிச் சரிசெய்ய முடிந்தது.

எழுதுவதற்கு உதவியாளரை வைத்துக்கொண்டு தேர்வு எழுதினாள். முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் அடுத்த தேர்வுக்கான புத்தகத்தை அவள் அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நேற்று அதன் முதல் பாடத்தை எங்கும் வெட்டாமல் முழுதாகப் படித்தேன். நடுவில் எத்தனை தடவை திரையைப் பார்த்தேன் என்பதை அவளிடம் சொல்லப்போவதில்லை.