முதல் கிளாஸ்

டீ திடமாக இருந்தால் யாரும் ஜாதி கேட்க மாட்டார்கள் என்று நம்பித்தான் கள்ளக்குறிச்சியில் டீக்கடை வைக்கக் கிளம்பினேன். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த காலம் அது. நல்ல நேரம் பார்த்தேன்!

போர்டு எழுத வந்தவர் காதில் பென்சில் செருகியிருந்தார், சட்டையெல்லாம் பெயின்ட். அவர் போர்டு எழுதிய டீக்கடைகளில் திறப்பன்று முதல் கிளாஸ் அவருக்குத்தான். ராசிக்காரர் என்று பேர்.

“இன்னா பேருங்க போடட்டும்?”

“எங்கப்பா பேரு.”

“நீங்க எந்தத் தெருங்க?”

“காலனிங்க” என்றேன். பிரஷ் நின்றது. எனக்கு வியர்த்ததில் ஒரு பாய்லரை நிரப்பியிருக்கலாம்.

“அப்பா பேரு வேணாம். சாமி பேரு போட்டுக்க. என் வாயால வெளிய போவாது.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். திறப்பன்று தானே ஏணியில் ஏறி போர்டை மாட்டி, கோணல் பார்த்து நிமிர்த்தினார். முதல் கிளாஸை நீட்டினேன். ததும்ப ஊற்றியிருந்ததில் பாதியை என் வேட்டி குடித்தது.

“வவுறு சரியில்லப்பா” என்றார்.

திறப்புக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சாலையைக் கடந்து எதிர்க்கடையில் டீ வாங்கிக் குடித்தார்.

அன்று என் கடையில் டீ குடித்தவன் நான் ஒருவன்தான்.