சோதனை நாளில் பார்த்த ராகு காலம்

என் மகள் பள்ளியில் கணக்கியல் படித்தாலும் டொக்டராகத்தான் ஆசைப்பட்டாள். மருத்துவபீட நுழைவுத் தேர்வுக்கு வேண்டிய இரசாயனவியலையும் உயிரியலையும், பள்ளி விட்டதும் நாங்கள் குடியேறிய இந்த ஐரோப்பிய நகரத்தின் பொலிதேயாமா சதுக்கத்தில் நடந்த பின்னேர வகுப்புக்குப் போய் இரண்டு வருடம் படித்தாள். அதன் இறுதிச் சோதனை ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு.

எட்டரைக்கே புறப்பட்டவளை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வாசலில் மறித்தேன்.

"ஒன்பது மணி வரைக்கும் ராகு காலம், பிள்ளை. கால் மணித்தியால நடைதானே, இரு."

ஒன்பதுக்கு இறங்கினால் வழியிலிருக்கும் கபோ சந்தையில் கால் வைக்க இடமில்லை. மரக்கறிப் பெட்டிகளுக்கிடையே இருவரும் ஓடினோம். ஓடிக்கொண்டே சொன்னாள்:

"யாழ்ப்பாணத்திலை இப்ப மத்தியானம், அம்மா. உங்கடை ராகு காலம் நாங்கள் நித்திரை கொள்ளேக்கையே முடிஞ்சுது."

ஆசிரியை கதவைச் சாத்தும்போதுதான் போய்ச் சேர்ந்தோம். கடைசியாக உள்ளே போனவள், இரண்டு பாடத்திலும் முதலாவதாக வந்தாள். நுழைவுத் தேர்விலும் தேறி, இப்போது மருத்துவபீடத்தில் படிக்கிறாள்.

நாட்காட்டி அதே சுவரில்தான் தொங்குகிறது. அவளுக்குச் சோதனை உள்ள நாளில் மட்டும் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டு, அவளுக்கு முன்னால் நான் செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.