மதினி பெயரில் இருந்த வண்டி

தேவிகுளத்தில் தாலுகா ஆபீசுக்குக் கீழே ஒரு போட்டோஸ்டாட் கடை. அதன் பாதியைப் பலகை வைத்து மறைத்து, அந்தப் பாதியில் நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக இருக்கிறேன். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மழை வந்தால் மூலையில் ஒழுகும் தகரம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பைக் வைத்திருப்பவர்கள். எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், ரிசார்ட்டில் சமைக்கிறவர்கள். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பிரீமியம் இவ்வளவுதான் வந்தது, எனக்கு மட்டும் ஏன் கூட?

நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். "ஆர்.சி. புக்கு யார் பேர்ல இருக்கு? ஓட்டுறது யாரு?" இரண்டும் ஒரே ஆள் இல்லை என்றால் பெயரை மாற்றிவிட்டு வாருங்கள் என்று பிடிவாதமாகச் சொல்வேன். மாற்றினால் செலவு கூடும் என்றதும் முகம் சுருங்கும். பாதிப் பேர் எழுந்து மூணாறுக்குப் போய் வேறு ஏஜென்ட்டிடம் போட்டுக்கொள்வார்கள். போகட்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் இப்படி இல்லை. ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் பெருமைப்பட்டுக்கொள்கிற ஆளாக இருந்தேன்.

பிரீமியம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதை நான் பல்லவி மாதிரி ஒப்பிப்பேன். முழுக் காப்பில் இரண்டு பங்கு இருக்கிறது. நம் வண்டி அடுத்தவரை இடித்துவிட்டால் அவருக்குக் கொடுப்பது ஒரு பங்கு. இதை எஞ்சினின் சி.சி.யைப் பார்த்து அரசாங்கமே நிர்ணயிக்கிறது, தலைகீழாக நின்றாலும் குறையாது. நம் வண்டிக்கு ஆகும் சேதம் இன்னொரு பங்கு. வண்டியின் இன்றைய மதிப்பு என்ன, எத்தனை வருடம் ஓடியது, எந்த ஊரில் பதிந்தது, தேய்மானம் கழிக்காமல் முழுசாகத் தரும் கூடுதல் காப்பு வேண்டுமா என்பதையெல்லாம் பொறுத்து இது ஏறும், இறங்கும். இதில்தான் போனஸும் வருகிறது. ஒரு வருடம் நஷ்டஈடு எதுவும் கேட்காமல் இருந்தால் இருபது சதவீதம் தள்ளுபடி. அப்படியே ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதிக்குப் பாதி.

இதை என்னிடம் அதிகமுறை கேட்டு உயிரை எடுத்தவன் என் சொந்த அண்ணன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எஸ்டேட் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவேட்டில், நிரந்தரமாகப் பெயர் இருப்பது பெரும்பாலும் பெண்களுக்குத்தான். கொழுந்து கிள்ளுகிறவர்கள் அவர்கள். ஆண்கள் வெளியே கிடைத்த வேலைக்குப் போவார்கள். அண்ணன் சாந்தன்பாறையில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் உலர்த்தும் வேலை பார்த்தான். சம்பளம் கையில் வரும், சீட்டு வராது. பைக் வாங்க லோன் கேட்டபோது பைனான்ஸ்காரர்கள் சம்பளச் சீட்டு கேட்டார்கள். கொழுந்து கிள்ளும் அவன் மனைவியிடம், என் மதினியிடம், இருந்தது. லோன் மதினி பெயரில் வந்தது, அதனால் வண்டியும் ஆர்.சி. புக்கும் மதினி பெயரில் வந்தன. எங்கள் லயத்தில், எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், நிற்கும் பைக்குகளில் பாதி இப்படித்தான். சொந்தக்காரிகளுக்குக் கிளட்ச் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் எனக்காவது பட்டிருக்க வேண்டும், எனக்கும் படவில்லை.

வருடா வருடம் புதுப்பிக்க அண்ணன் நேரிலேயே வருவான். போனில் முடித்துவிடலாம் என்றால் கேட்கமாட்டான், பேரம் பேச வேண்டுமே.

"ஏ பாப்பா, போன வருசத்த விடக் கம்மியாத்தான வரணும்? ஒரு கீறல் விழாம ஓட்டுறேன்."

"வந்திருக்குண்ணே. நல்லாப் பாரு."

"இவ்வளவுதானா? கூடப்பொறந்தவனுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு. டீ வாங்கித் தரேன், குடிச்சிட்டுக் கெளம்பு."

போனஸ் மேல் அவனுக்கு அப்படி ஒரு மோகம். ஒருமுறை ஆட்டோ ஒன்று பின்பக்கம் வந்து இடித்து, இண்டிகேட்டர் உடைந்து மட்கார்டு நெளிந்துவிட்டது. கிளெய்ம் போடலாம் என்றேன். போனஸ் போய்விடும் என்று கைக்காசு போட்டுச் சரிசெய்தான். அதை லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தோம்.

ஐந்தாவது வருடம் லோன் முடிந்தது. அன்றைக்கு பைனான்ஸ் கடிதத்தை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான்.

"பாப்பா, இப்ப எம்பேருக்கு மாத்திரலாம்ல? வழியில போலீஸ் புடிச்சா புக்கப் பாத்துட்டு, இது யாரு வண்டின்னு கேக்கான். பொண்டாட்டி வண்டின்னு சொன்னா சிரிக்கான்."

நான் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தேன். "மாத்தலாம்ணே. ஆனா போனஸ் ஆளுக்குள்ளது, வண்டிக்குள்ளது இல்ல. மதினி சேத்து வச்ச அம்பது சதவீதம் உனக்கு வராது. நீ முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அப்புறம் உனக்கு லைசன்ஸ் இருக்கதால ஓட்டுற ஓனருக்கான விபத்துக் காப்பும் கட்டியே ஆகணும். எல்லாம் சேந்து எழுநூறு ரூவா கூட வரும்."

"வருசா வருசமா?"

"போனஸ் மறுபடி ஏற ஏற கொறையும். ஆனா இப்போதைக்குக் கூடத்தான்."

அவன் உறையை மேசையில் தட்டிக்கொண்டே யோசித்தான். நான்தான் முடித்துவைத்தேன். "இருக்கட்டும்ணே. யார் பேர்ல இருந்தா என்ன, ஓட்டுறது நீதான?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவனுக்கு எழுநூறு ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

அந்த விபத்துக் காப்பு என்பது முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர், லைசன்ஸோடு, அந்த வண்டியை ஓட்டி இறந்தால் குடும்பத்துக்குப் பதினைந்து லட்சம். மதினிக்கு லைசன்ஸ் இல்லை. அதனால் ஒவ்வொரு வருடமும் 'உரிமையாளருக்கு லைசன்ஸ் இல்லை' என்ற கட்டத்தில் நான் டிக் அடிப்பேன், அந்த முந்நூறு தானாகக் கழிந்துவிடும். சட்டப்படி சரி. என் கையால் ஐந்து முறை டிக் அடித்திருக்கிறேன்.

அடுத்த ஆடி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், வேலை முடிந்து வரும்போது பூப்பாறைக்கு முன்னால் ஒரு வளைவில் வண்டி வழுக்கிவிட்டது. எதிரே வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. அண்ணன் தடுப்புச் சுவரில் போய் மோதினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருமுன் போய்விட்டான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் மதினியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே என் தலைக்குள் அந்தக் கட்டம் வந்துவிட்டது. அழுகைக்கு முன்னால் அதுதான் வந்தது. என் தொழிலை நான் வெறுத்தது அந்த நிமிடத்தில்.

மாலை போட்டுச் சுவரில் மாட்ட, பெரிதாக்க ஒரு போட்டோ வேண்டும் என்றதும் மதினி உள்ளே போய் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துவந்து தந்தார். நீலப் பின்னணி, மேல் பட்டன்வரை போட்ட சட்டை, விறைத்த முகம். ஸ்டுடியோ பக்கமே போகாதவன் இதை எப்போது எடுத்தான் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைக் காட்டி ஒரே ஆறுதலைத்தான் மதினிக்குச் சொன்னார்கள். "ஒனக்கென்னத்தா கவல, நம்ம புள்ளயே இன்சூரன்ஸ்லதான இருக்கு. எல்லாம் முறையா வாங்கித் தந்துரும்." அண்ணன் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. அந்தப் பதினைந்து லட்சத்தை அவர்கள் எல்லோரும் ஏற்கனவே மனதுக்குள் மதினியின் கையில் கொடுத்துவிட்டார்கள். "பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே நான் நாளைக் கடத்தினேன்.

உண்மையில் பார்த்தேன். வக்கீல் ஒருவரிடம் போனேன். அவர் பாலிசியைப் புரட்டிவிட்டு, இடித்த வண்டி என்று ஒன்று இல்லை, ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் இருக்கிறார், அடுத்தவர் என்ற கணக்கில் வரமாட்டார், உரிமையாளருக்கான காப்போ எடுக்கவே இல்லை என்றார். அண்ணனுக்கென்று தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்திருக்கலாமே, நீங்களே ஏஜென்ட் என்கிறீர்களே என்று கேட்டார். நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வண்டிக்கு மட்டும் கிளெய்ம் போட்டேன். சேதத்தை மதிப்பிடும் கம்பெனி சர்வேயர் வந்து, போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் கிடந்த வண்டியை அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். போர்க், சேஸிஸ், டேங்க் என்று ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். ஓட்டியவரைப் பற்றி அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், லைசன்ஸ் இருந்ததா என்று. இருந்தது. அதனால் ஒரு சிக்கலும் இல்லாமல் முழு இழப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். ஏழாவது வாரம் வண்டியின் மதிப்பு மதினியின் கணக்கில் ஏறிவிட்டது. நான் ஏஜென்ட்டாகப் போட்ட கிளெய்ம்களில் இவ்வளவு சுத்தமாக முடிந்தது வேறில்லை.

இனியும் தள்ளிப்போட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லயத்துக்குப் போனேன். மதினி வாசலில் உட்கார்ந்து கொழுந்துக் கூடையின் கயிற்றை மாற்றிக்கொண்டிருந்தார். பணம் ஏறியதாகப் போனில் மெசேஜ் வந்திருப்பதைக் காட்டி, "இது வண்டிக்கா, அவுகளுக்கா?" என்று கேட்டார்.

"வண்டிக்கு மதினி."

"அவுகளுக்கு?"

"அண்ணனுக்கு ஒண்ணும் வராது." எங்கே நிறுத்தினாலும் மறுபடி தைரியம் வராது என்று தெரிந்து முழுதையும் சொன்னேன். புக் அவர் பெயரில் இருந்தது, அந்தக் கட்டம், முந்நூறு ரூபாய், எல்லாம். "மாத்தட்டுமான்னு அண்ணன் கேட்டாக மதினி. நான்தான் வேணாம்னு சொன்னேன். போனஸ் போயிரும்னு சொன்னேன்." அவன் உயிரோடு இருந்தவரை நீ, வா, போ என்றே பேசிய என் வாயில் அன்றைக்கு 'கேட்டாக' என்றுதான் வந்தது.

மதினி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தெரியும்," என்றார். "அன்னிக்கே வந்து சொன்னாக. பாப்பா கணக்குப் பாத்துச் சொல்லிருச்சு, எழுநூறு ரூவா மிச்சம்னு. போற வழியில மத்தி மீன் வாங்கிட்டு வந்தாக."

அழுதேன். அவர் என்னை அழவிட்டார்.

பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். பைனான்ஸ் கடிதம் இருந்த அதே உறை. உள்ளே பெயர் மாற்றும் படிவங்கள் இருந்தன. விற்பவர் இடத்தில் மதினி கையெழுத்துப் போட்டிருந்தார், வாங்குபவர் இடம் காலியாக இருந்தது. கூடவே ஒரு சிறிய காகிதக் கவர்.

"ஒங்கிட்ட வர்றதுக்கு முந்துன நாளே பூராத்தையும் தயார் பண்ணிட்டாக. ஆர்.சி.க்கு வேணும்னு போட்டோவும் எடுத்துட்டாக. எட்டு காப்பி." சுவரில் மாலை போட்டிருந்த படத்தை மதினி பார்த்தார், நானும் பார்த்தேன். நீலப் பின்னணி, மேல் பட்டன்வரை போட்ட சட்டை. "ஒண்ணத்தான் பெருசாக்குனோம். மிச்சம் ஏழு இருக்கு. ஒனக்கு ஒண்ணு தரட்டா?"

கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.