எச்சிலில் திறந்த கண்

காஞ்சிபுரத்தில் ஒரு அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை பார்க்கிறேன். அங்கே இந்தக் காலத்து ஓவியர் ஒருவர் சுவரில் வரைந்த தறிக்காரப் பெண்ணின் முகம், புகையும் தூசியும் படிந்து கறுத்துவிட்டது. தண்ணீரால் துடைத்தால் சாயமும் போய்விடுமாம். சரிசெய்ய வந்த மேடம், குச்சியில் சுற்றிய பஞ்சை நாக்கில் நனைத்து முகத்தில் மெல்ல உருட்டினார்.

“எச்சி படலாமா மேடம்?” என்று பதறினேன்.

“எச்சிதான்ணா சாயத்த விட்டுட்டு அழுக்க மட்டும் எடுக்குது. எனக்கு வாயே காஞ்சிபோச்சு. நீங்க கொஞ்சம் உருட்டுங்க.”

“என் எச்சியா?”

“ஏன், வெத்தல போட்டுக்கினு இருக்கீங்களா?” என்று சிரித்தார்.

என் வாய் படக்கூடாதென்று டம்ளர் தராமல், கையில் தண்ணீர் ஊற்றிய வீடுகளில் குடித்து வளர்ந்தவன் நான். பஞ்சை என் நாக்கில் நனைத்து உருட்டினேன். கறுப்புக்கு அடியிலிருந்து ஒரு கண் திறந்து என்னைப் பார்த்தது.

இப்போதும் கூட்டும்போது அந்தக் கண்ணுக்கு நேரே நின்றுவிடுகிறேன்.