சொறியாத நெட்டில்

தொட்டால் சொறிவதற்குப் பேர்போன, ஆங்கிலத்தில் நெட்டில் எனப்படும் குடும்பத்துச் செடி ஒன்றையாவது திருகோணமலையில் நானே கண்டுபிடிக்க வேண்டும் என்று சில மாதங்களாகத் தேடிக்கொண்டிருந்தேன். இது தெரிந்து, சம்பூரில் தோட்டம் செய்யும் என் கணவரின் தங்கை ஒரு நாள் கையெல்லாம் தடிப்போடு எங்கள் அன்புவழிபுரத்து வீட்டுக்கு வந்தாள். கடதாசியில் சுற்றிய காஞ்சோண்டிக் கொடியை நீட்டினாள்.

“இந்தாங்கோ மச்சாள், உங்கட நெட்டில். இதைவிடச் சொறியிறது ஒண்டும் இல்லை.”

லென்ஸால் காயைப் பார்த்தேன். ஆமணக்கங்காய் போல மூன்று பிளவாக இருந்தது.

“இது ஆமணக்குக் குடும்பம் மச்சாள்.”

முகம் வாடிப்போனாள். கைகழுவத் தண்ணீர்த் தொட்டியடிக்குப் போனவள் திடீரென்று கூப்பிட்டாள்.

“ஓடி வாங்கோ, இது புகை விடுது!”

சீமெந்து வெடிப்பில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பொடி இலைச் செடிகளில் அவள் கைத்தண்ணீர் தெறித்திருந்தது. அரும்புகள் ஒவ்வொன்றாக வெடித்து மகரந்தத்தைத் தூவின. மடங்கிக் கிடந்த மகரந்தக் கேசரங்கள் வில்லுப்போல நிமிர்வது லென்ஸில் தெரிந்தது. நெட்டில் குடும்பத்துப் பூக்களின் அடையாளமே அதுதான்.

“இதுதான் மச்சாள்!”

“இதோ? இது சொறியாதே,” என்று அதைப் பிடுங்கித் தன் கையிலேயே தேய்த்துப் பார்த்தாள்.

“ஓம், அந்தக் குடும்பத்தில கனக்கச் செடி சொறியாது.”

மறுபடி தண்ணீர் தெளித்தாள். மறுபடி புகை எழும்பியது. நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி மதிலால் எட்டிப்பார்த்து, என்ன விசேஷம் என்று கேட்டாள்.

“நாங்க நெட்டிலைக் கண்டுபிடிச்சிட்டம்!” என்றாள் மச்சாள், நான் வாய் திறக்க முதல்.